சர்வர் எதுக்கு? ஒரு ஃபைலே போதுமே!

போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். நெட் இல்லாவிட்டாலும் பழைய மெசேஜைத் தேடினால் சட்டென்று வந்து நிற்கும். ஏனென்றால் அவை போனுக்குள்ளேயே, ஒரு குட்டி டேட்டாபேஸில் இருக்கின்றன. அந்தக் குட்டியின் பெயர் எஸ்க்யூலைட். ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ் என எதைத் திறந்தாலும் உள்ளே அதுதான்.

இவ்வளவு தூரம் பரவிய ஒரு விஷயத்தை, புதிதாக ஆப் கட்டுகிறவர்கள் பலர் ‘அது சும்மா டெஸ்ட்டிங்குக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பத்து வாடிக்கையாளர்கூட இல்லாத ஆப்புக்கு முதல் நாளே கிளவுடில் தனி டேட்டாபேஸ் சர்வர், மாதா மாதம் வாடகை. இது தேவையில்லாத செலவு மட்டுமல்ல, தேவையில்லாத தலைவலியும்கூட.

எஸ்க்யூலைட் பிறந்த கதையே இந்தத் தலைவலியில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார் ரிச்சர்ட் ஹிப். அந்த மென்பொருள் இன்ஃபார்மிக்ஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நம்பியிருந்தது. சர்வர் படுத்தால் மென்பொருளும் படுத்துவிடும். ஸ்கிரீனில் எரர் வரும். தப்பு சர்வருடையது, கெட்ட பேர் இவருக்கு! நடுவில் சர்வரே இல்லாமல் டிஸ்க்கில் இருந்து நேரடியாகப் படித்தால் என்ன என்று யோசித்தவர், 2000-ல் எஸ்க்யூலைட்டை வெளியிட்டார். காப்புரிமையும் கோரவில்லை. யாரும் எதற்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை தனியாக ஓடும் புரோகிராம்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ஆப் அவற்றோடு பேச வேண்டும். எஸ்க்யூலைட் அப்படியல்ல, ஆப்புக்குள்ளேயே கலந்துவிடும். மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலும், பாதி எழுதின கணக்கு தங்காது. ஒன்று, முழுசாகப் பதிவாகியிருக்கும். இல்லை, பழையபடியே இருக்கும். ஒரு பிரியாணிக் கடையின் பில்லிங் ஆப்புக்கு வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்சலுக்கு வரிசை நிற்கும்போது நெட் போனால், கிளவுடை மட்டும் நம்பிய கடைக்காரர் பேப்பரையும் பேனாவையும்தான் தேட வேண்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் இதையே போட்டுவிட முடியாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம், ஆனால் எழுதுவது ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே. 2010-ல் வந்த ‘வால்’ மோடில், ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். எழுதுகிறவர்களுக்கு அப்போதும் க்யூதான். தட்கல் டிக்கெட் புக்கிங் மாதிரி லட்சம் பேர் ஒரே நிமிடத்தில் முட்டிமோதும் இடத்துக்குப் பெரிய சர்வர் டேட்டாபேஸ்தான் சரி. நாலு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஷேர் போல்டரில் ஃபைலை வைத்துவிட்டு எல்லாரும் எழுதுவதும் ஆபத்து. அங்கே ஃபைல் லாக்கிங் ஒழுங்காக வேலை செய்யாமல் டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

பலர் கோட்டை விடுவது பேக்கப்பில். ஒரே ஃபைல்தானே என்று, ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி செய்வார்கள். ‘வால்’ மோடில் புதிதாக எழுதியவை பக்கத்தில் இன்னொரு ஃபைலில் காத்திருக்கும். அதை விட்டுவிட்டால் கடைசியாகப் போட்ட பில்கள் காப்பியில் இருக்காது. இதற்கென்றே எஸ்க்யூலைட்டில் பேக்கப் வசதி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, சாதாரண எஸ்க்யூலைட்டில் என்கிரிப்ஷன் கிடையாது. ஃபைல் கையில் கிடைத்தால் யாரும் திறந்து படிக்கலாம். வாடிக்கையாளர்களின் போன் நம்பரைச் சேமிக்கும் ஆப் என்றால், இதற்கு முதல் நாளே வழி செய்தாக வேண்டும்.

நாளைக்கு ஆப் பெருசானால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். எழுதுவது எஸ்க்யூஎல் மொழியில்தான் என்பதால், கொஞ்சம் மாற்றி எழுதி போஸ்ட்கிரெஸுக்குப் போகலாம். அதில் வேலை இருக்கிறதுதான். ஆனால் அது, வரிசையில் நிற்க ஆட்கள் வந்த பிறகு செய்யும் வேலை.