முள்ளம்பன்றி இறைச்சிக்கு விலை பேசுகிறவர்களுக்கு

 

பதிவு கொஞ்சம் நீளம். முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கொஞ்ச நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் கண்ணியில் செத்த முள்ளம்பன்றிப் படங்கள் ஓடுகின்றன. படத்துக்குக் கீழே "இறைச்சி இருக்கு, தேவையான ஆக்கள் கோல் எடுங்க" என்று ஒரு வரி. இது சரியில்லை என்று எழுதினேன். உடனே பதில்கள் வந்தன. "பயிரை அழிக்குது சேர்." "ஹலால்தானே சேர்." "பிள்ளைகளின்ட வீசிங்குக்கு நல்லது சேர்." சரி, ஒவ்வொன்றாகக் கதைப்போம்.

முதலாவது, பயிர். அழிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மரவள்ளியைக் கிண்டும், கச்சானைக் கிளறும், தென்னம்பிள்ளையின் அடியைக் கொறித்துச் சாய்த்துவிடும். கடன் வாங்கி நட்டவனின் வயிற்றெரிச்சல் எனக்கும் விளங்கும். ஆனால் எதிரி என்று சொல்லும் மிருகத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று இன்னும் நம்புகிறோம். அது எய்யாது. முள் என்பது தடித்த மயிர்தான்; நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள். பயந்தால் வாலிலுள்ள பொள்ளல் முட்களைக் கிலுகிலுக்கும், பிறகு பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும். பேரில் பன்றி இருந்தாலும் பன்றிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலி, அணில் போலக் கொறித்துத் தின்னும் இனம்.

ஆனால் எலி போல அது பெருகாது என்பதைக் கவனியுங்கள். ஒரு ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டி, கூடிப்போனால் நான்கு. ஆணும் பெண்ணும் சோடியாக ஒரே வளையில் இருந்து குட்டிகளை வளர்க்கும். வளை வாசலில் ஒரு கண்ணி கட்டினால் நீங்கள் பிடிப்பது ஒரு மிருகத்தை அல்ல, ஒரு குடும்பத்தை.

அது கிண்டுவது எல்லாம் நட்டமும் அல்ல. இதே இனம் நெகேவ் பாலைவனத்திலும் வாழ்கிறது. அது தோண்டிய குழிகளில் மழைநீரும் விதைகளும் தங்கி, சுற்றியிருக்கும் நிலத்தைவிட அங்கே செடிகள் அதிகம் முளைப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் பற்றைக்காட்டு நிலத்துக்கும் கிளறிவிட ஆள் வேண்டும்.

"அரசாங்கமே பயிரழிக்கும் மிருகங்களைக் கணக்கெடுத்ததே" என்கிறீர்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடம் எண்ணினார்கள். எண்ணியது குரங்கு, மந்தி, மர அணில், மயில். அந்த நேரத்தில் முள்ளம்பன்றி வளைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அது இரவில் நடமாடும் பிராணி. நம்மூரில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று யாரும் எண்ணவில்லை. உலகளவில் அழியும் ஆபத்தில்லாத இனம் என்றுதான் பட்டியல் சொல்கிறது. ஆனால் உலகத்தில் இருப்பது சாம்பல்தீவில் இருப்பதாக ஆகாது.

இன்னொன்று கேட்கிறேன். பயிரைக் காப்பதுதான் நோக்கம் என்றால் கண்ணி ஏன் தோட்ட வேலியை விட்டுக் காட்டுப் பாதையில் கிடக்கிறது? இறைச்சிக்கு ஏன் விலை? இது வியாபாரம். விவசாயியின் கண்ணீரை அதற்கு முன்னால் திரையாகப் பிடிக்காதீர்கள்.

கண்ணிக்கு ஆளும் தெரியாது, மிருகமும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கண்ணியில் அகப்பட்டது இந்த நாட்டில் மிக அரிதான கருஞ்சிறுத்தை. மூன்று நாளில் செத்துப்போனது. பன்றிவெடியைக் கடித்து வாய் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் யானைக்குட்டிகளைச் செய்தியில் பார்க்கிறோம். கட்டுத்துவக்கு இன்னும் மோசம். இரவில் மாடு தேடிப் போகிறவனின் காலும் அந்தக் கம்பியில் தட்டும்.

இரண்டாவது, ஹலால். இது என் முஸ்லிம் உறவுகளுக்கு. முள்ளம்பன்றி உண்ணலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் கருத்து. ஹனபி மத்ஹபில் கூடாது. நாம் ஷாபிஈகள், சரி. ஆனால் நீங்கள் விற்பது எது? இரவு முழுக்கக் கண்ணியில் இறுகி, விடியமுன் செத்துக் கிடந்தது. கழுத்து நெரிபட்டுச் செத்ததை சூரா அல்மாயிதாவின் 3ஆம் வசனம் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. செத்தபின் கத்தி வைத்தால் அது அறுப்பு ஆகாது. காசு கொடுத்து வாங்கும்போது "இது உயிரோடு இருக்கையில் அறுத்ததா?" என்று ஒருவராவது கேட்டீர்களா? கோழிக்கடையில் ஹலால் சான்றிதழ் தேடும் நாம் இங்கே மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

உயிரோடு பிடித்ததாகவே இருக்கட்டும். உண்ண அனுமதி இருப்பது வேறு, வதைக்க அனுமதி இருப்பது வேறு. ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவை மதரசாவில் எல்லோரும் படித்தோம். கம்பி இறுக இறுக விடியும்வரை இழுத்துக்கொண்டு கிடக்கும் மிருகத்துக்கு மட்டும் அந்தப் பாடம் பொருந்தாதா?

மூன்றாவது, வீசிங். முள்ளம்பன்றியின் இரைப்பையைக் காயவைத்துக் கொடுத்தால் மூச்சிழுப்பு மாறும் என்பது மருத்துவம் நிரூபித்த விஷயம் அல்ல. இழுக்கிற பிள்ளைக்குத் தேவை இன்ஹேலரும் கிளினிக்கும். திருகோணமலை ஆஸ்பத்திரி நமக்குத் தூரமில்லை, காசும் கேட்பதில்லை. வகுப்பில் பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் நாங்கள் ஆசிரியர்கள். அதனால்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் முள்ளம்பன்றியின் வயிற்றுக்கல் மருந்தென்று விலை ஏற, அதற்காகவே வேட்டையாடுகிறார்கள். அந்த வழியில் நாமும் போக வேண்டாம்.

அப்போ தோட்டக்காரர் என்ன செய்வது? கம்பிவலையை ஒரு அடியாவது மண்ணுக்குள் புதைத்து வேலி அடையுங்கள். அது தோண்டி நுழையும் பிராணி, மேல்வேலி மட்டும் போதாது. தென்னம்பிள்ளைக்கு அடியில் தகரம் சுற்றுங்கள். வேலியோரப் பற்றையை வெட்டுங்கள். வலைக்குக் காசில்லை என்றால் விவசாய சங்கமாகச் சேர்ந்து கமநல சேவை நிலையத்துக்கு எழுதுவோம். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து வைக்க வாருங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வியை ஒரு ஊமைப் பிராணியின் கழுத்தில் இறுக்காதீர்கள்.

பள்ளி நிர்வாகத்திடமும் கோயில் பரிபாலன சபையிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆவிலும் ஒரு பூசை நாளிலும் இதைச் சொல்லுங்கள். வாங்க ஆளில்லாவிட்டால் கண்ணி கட்டவும் ஆளிருக்காது. குழு அட்மின்மாரே, அந்த விளம்பரங்களை அழியுங்கள்.

என்னோடு உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் தருவேன். உடன்படுகிறவர்கள் லைக்கோடு நிற்காமல், அடுத்த முறை இறைச்சி வந்தால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.