மூட்டைக்கு அடியில் காற்று போகட்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து மளிகை வணிகர்களுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, தீபாவளிச் சரக்குக்குப் பணம் புரட்டுவது. மற்றொன்று, கடைத் தரையில் ஊறும் ஈரம். முதல் கவலையைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அடி மூட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இந்த மழைக்கு இவ்வளவு கழிவு' என்று கணக்கை முடித்துக்கொள்கிறோம்.

அடி வரிசையில் இருக்கும் சர்க்கரை கட்டி தட்டுகிறது. கல்லுப்பு நீர் விடுகிறது. மிளகாயில் பூசணம், பருப்பில் வண்டு. சில்லறை வியாபாரத்தில் மூட்டைக்கு என்ன நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். கெட்டுப்போன ஒரு மூட்டையின் முதலை எடுக்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பதை அவரவர் பேரேட்டைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம், ஒரகடம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஏரியும் அதன் கீழ் ஆயக்கட்டு நிலமும் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. தொழிலாளர்கள் தங்க அறைகள் தேவைப்பட்டன. நஞ்சை நிலத்தில் மண்ணடித்து மேலே அறைகளும் கீழே கடைகளுமாகக் கட்டினார்கள். வாடகை சீக்கிரம் வர வேண்டுமே என்ற அவசரத்தில் பேஸ்மட்டத்தை ஓரடி, ஒன்றரை அடியோடு நிறுத்தியவர்கள் பலர். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. பூச்சைப் பார்த்துப் போட்டவர்கள் சிலரே. அதற்குப் பிறகு சாலை வேறு உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவிட்டது நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட சாலை இறங்கி வரப் போவதில்லை. படி ஏறிப் போன கடைக்குள் இன்று படி இறங்கிப் போகிறோம்.

இதற்கு மருந்தாக ஓட்டைச் செங்கல்லைச் சிலர் சொல்கிறார்கள். சுவரின் அடியில் துளையுள்ள கல்லைப் பதித்துவிட்டால் தரைக்கு அடியில் காற்று ஓடும், ஈரம் காயும் என்கிறார்கள். இங்கிலாந்தில் இது உண்மைதான். அங்கே பழைய வீடுகளின் தரை மரப்பலகையால் ஆனது. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்த வெற்றிடத்தில் காற்று போய்வரத்தான் சுவரடியில் ஓட்டைச் செங்கல் வைக்கிறார்கள். அதை அடைத்துவிட்டால் மரம் மக்கும். நம் கடைகளில் பலகையும் இல்லை, வெற்றிடமும் இல்லை. கிராவலும் மண்ணும் கொட்டி, இடித்து, மேலே கான்கிரீட் போட்டு சிமென்டோ டைல்ஸோ பதித்த தரை. பேஸ்மட்டத்தில் ஓட்டை போட்டால் உள்ளே இருப்பது மண்தான். மண்ணுக்குக் காற்று வாங்கிக் கொடுத்து நமக்கு என்ன ஆகப் போகிறது?

நமக்கு வேண்டிய வெற்றிடம் தரைக்கு மேலே, மூட்டைக்குக் கீழே. இது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த கணக்கு. பத்தாயத்துக்குக் கால் வைத்தார்கள். குதிரைக் கல்லின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். இந்திய உணவுக் கழகம் 1965இல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. அக்கழகத்தின் கிடங்குகளைப் பாருங்கள். லாரியில் சரக்கு வந்து இறங்கும் கிடங்குக்குத் தரையே சுமார் இரண்டரை அடி உயரம். அப்படியிருந்தும் மூட்டையை வெறுந்தரையில் அடுக்குவதில்லை. அடியில் மரச்சட்டமோ பாயோ தார்ப்பாயோ போடுகிறார்கள். சுவரை ஒட்டியும் அடுக்குவதில்லை. சுவரின் கீழ்ப்பகுதியிலும் மேற்பகுதியிலும் காற்றுவழி வைத்திருக்கிறார்கள்.

மரச்சட்டத்துக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். ஆலைகளுக்கு வெளிநாட்டு உதிரி பாகங்கள் வந்திறங்கும் பேலட்டுகள் இவ்வட்டாரத்துப் பழைய மரக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. வாங்குமுன் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரையைப் பாருங்கள். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், தாராளமாக வாங்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டிய மரம்; உணவுப் பொருளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. எண்ணெய்க் கறை, இரசாயன வாடை உள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். மற்றதைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, ஆணி துருத்தாமல் அடித்துவிட்டு உள்ளே கொண்டு போகலாம். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளிப் போட்டால் பின்னால் எலி ஓடுவதும் கண்ணுக்குத் தெரியும்.

ஓட்டைக் கல்லுக்கு நம் கடையில் வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தரைக்கு ஓரடி மேலே, எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் பேலட்டுக்கு அடியில் காற்று நகரும். எலி நுழையாதபடி இரும்பு வலை அடிக்க வேண்டும். திறந்து மூடக் கதவும் வேண்டும். கதவு எதற்கு என்றால், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை இழுக்கும். மக்னீசியம் கலந்த கல்லுப்பு அதற்கு முன்பே இழுக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் நம் பக்கத்துக் காலைக் காற்று அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அடைமழை நாளில் காற்றோட்டம் என்று திறந்து வைத்தால் ஈரத்தை விருந்துக்கு அழைத்தது போலாகும். வெயில் அடிக்கும் நாளில் திற, மழை நாளில் மூடு. அவ்வளவுதான்.

தரை ஈரமா, காற்று ஈரமா என்ற சந்தேகம் இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது என்று பொருள்.

அப்படி ஏறுகிற ஈரத்துக்கு யார் பொறுப்பு? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 4ஆம் அட்டவணை, பொருளைத் தரைக்கு மேலே உயர்த்தியும் சுவரை விட்டுத் தள்ளியும் வைக்கச் சொல்கிறது. நியாயம். பேலட் வாங்கிப் போடுவது நம் செலவு. அதில் தகராறு இல்லை. ஆனால் அதிகாரி வந்தால் கேள்வி கேட்பது கடைக்காரரை மட்டுமே. தாழ்வான தரையையும் காற்றில்லாத சுவரையும் கட்டிவைத்து, அட்வான்சும் வாங்கிக்கொண்ட கட்டிட உரிமையாளரை யாரும் கேட்பதில்லை. நாலு ஜாலி கல், கொஞ்சம் வலை, ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி. இதைக்கூட, 'சுவரை உடைக்காதே, காலி பண்ணும்போது பழையபடி செய்து கொடு' என்று மறுக்கிறவர்கள் உண்டு.

ஆகவே, புதிதாகக் கடை பிடிப்பவர்களும் ஒப்பந்தம் புதுப்பிப்பவர்களும் இரண்டு வரிகளை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எதிரெதிர்ச் சுவரில் காற்றுவழி வைக்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்பது ஒன்று. தரை வழியாக ஏறும் ஈரத்தைச் சரிசெய்வது அவர் பொறுப்பு என்பது மற்றொன்று. தனியாள் கேட்டால் வேறு வாடகைதாரரைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். ஒரே தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சங்கக் கடிதத்தோடு போய்க் கேட்டால் பேச்சு வேறு விதமாக இருக்கும். அந்தக் கடிதத்தை அடுத்த செயற்குழுவிலேயே எழுதிக் கொடுக்க நிர்வாகிகள் முன்வர வேண்டும். கார்த்திகை மழை பிடிப்பதற்குள் வேலை முடிந்தால் இந்த ஆண்டுச் சரக்கே தப்பும்.