கழிவு யாருடைய ஹக்கு?



எங்கள் பலாபத்வலைப் பக்கம் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. கணவர் கட்டாரில். அவர் அனுப்பிய சல்லியோடு தன் இரண்டு காப்புகளையும் விற்றுச் சேர்த்து, புதுக் கார் ஒன்று எடுத்து வரும்படி நானாவிடம் கொடுத்திருக்கிறார். காரும் வந்தது, பில்லும் வந்தது. விற்றவர் ஒன்றரை இலட்சம் ரூபாவைக் கழிவாக நானாவின் கையில் தனியே கொடுத்தது பிறகுதான் தெரிந்தது. “நான் பேசி வாங்கினது, எனக்குத்தானே” என்கிறார் நானா. “கேட்டால் உறவு முறிந்துவிடுமோ ஹஸ்ரத்?” என்று தங்கை அழுகிறார்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலையில் பெரும்பங்கு வரிதான். எஞ்சினின் அளவு பார்த்து உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 வீதம் வற். அதில் எந்த வியாபாரியும் ஒரு சதம் குறைக்க முடியாது. தன் இலாபத்தில்தான் குறைப்பார். எவ்வளவு சிறிதானாலும் அது காரின் விலையில் குறைந்த பணம். விலை கொடுத்தவரோ தங்கை.

உர்வா அல்பாரிகீ (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்தத் தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். புகாரியில் உள்ள செய்தி. பேரம் பேசிய கெட்டித்தனம் உர்வாவுடையதுதான். ஆனாலும் அந்தத் தீனாரை அவர் மடியில் முடிந்துகொள்ளவில்லை. அவரது வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள்.

பிறருக்காக வாங்கப் போகிறவரை பிக்ஹில் வகீல் என்போம். அவர் கையில் இருப்பது அமானிதம். விற்பவர் அதற்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர் வைக்கலாம். தங்கையின் காரை வாங்கப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா?

நானாவின் அலைச்சலுக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். கண்டிக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறியவர் அவர். முன்பே பேசி வாங்கினால் ஹலால். தங்கை மனமுவந்து கொடுத்தாலும் ஹலால். ஒளித்து எடுத்ததுதான் கூடாது.

ஆள் அனுப்பும் சகோதரிகளே, முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “கழிவைப் பில்லிலேயே குறைத்து எழுதி வாங்குங்க நானா, உங்கட செலவை நான் தனியாகத் தாரேன்.” இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த நானாவை அஸருக்குப் பிறகு பள்ளியில் கண்டேன். உர்வாவின் சம்பவத்தை மட்டும் சொன்னேன். மறுவாரம் பாதிப் பணம் வந்ததாகச் சகோதரி சொல்லியனுப்பினார். மீதிக்கு இன்னொரு அஸர் பார்க்க வேண்டும்.