ஆமைக்குச் சட்டம் உண்டு, கரைக்கு?

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை கடலாமைகளை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருக்கிறது. நிலமும் காடும் அப்படியே. ஆமையும் அது முட்டையிடும் மணலும் ஒரே அரசின் கையில் இருப்பதால் மலாக்காவுக்கு வேலை சுலபம் என்று தோன்றும். நடப்பது வேறு.

தீபகற்பத்தில் அழுங்காமை அதிகம் முட்டையிடுவது மலாக்காக் கரையில்தான். உரிமம் பெற்றவர்கள் எடுக்கும் முட்டைகளை மீன்வளத் துறை விலைகொடுத்து வாங்கிப் பொரிக்க வைக்கிறது. அதற்கான நிலையம் மஸ்ஜித் தானா அருகே பாடாங் கெமுந்திங்கில் இருக்கிறது. கரையோர மக்களுக்கும் வருமானம், ஆமை இனமும் தழைக்கும்.

இந்த ஏற்பாட்டின் அருமை திரெங்கானுவைப் பார்த்தால் புரியும். 1950களில் ரந்தாவ் அபாங் கரையில் தோணியாமைகள் ஆண்டுக்குச் சுமார் 10,000 குழிகளில் முட்டையிட்டன. இன்று அவற்றைக் காண்பதே அரிது. முட்டைகள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தபோதும் முன்பே பிறந்து வளர்ந்த ஆமைகள் கரையேறி வந்ததால், வரப்போகும் பஞ்சம் வெளியே தெரியவில்லை. எல்லா வகை ஆமை முட்டை விற்பனையையும் அம்மாநிலம் தடுத்தது 2022இல்தான்.

ஆனால் பொரிப்பகம் பாதி வேலையைத்தான் செய்யும். அழுங்காமை மணலேறி, கரையோரச் செடிகளின் அடியில் குழி பறிக்கும். செடிகளை வெட்டி விடுதி கட்டி, இரவெல்லாம் விளக்கெரித்தால் அது எங்கே போகும்? கிளேபாங் எதிரே உள்ள உப்பே தீவில் மணல் அரித்து, முட்டையிடும் ஆமைகளும் குறைந்தன. கடலில் மண் நிரப்பியதும் ஒரு காரணம் என்கிறார்கள் இயற்கை ஆர்வலர்கள். முட்டை திருடுபவர் நீதிமன்றம் போகிறார். கரையை மாற்ற ஒப்புதல் தருபவரை யாரும் கேட்பதில்லை.

சுங்கை ரம்பாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டக்காரர்களுக்கும் இது தெரிந்த கதைதான். குரங்கோ காட்டுப்பன்றியோ வாசலுக்கு வந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அழைக்கிறோம். அதன் இருப்பிடத்தை அழிக்க அனுமதி தந்த நில அலுவலகத்தை அழைப்பதில்லை.

மாநிலத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. நிலம்தான் அதன் வருவாய். இயற்கையைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் தனி நிதி தருகிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 25 கோடி வெள்ளி. பாதுகாக்கப்பட்ட பரப்பளவைப் பார்த்துப் பங்கிட்டால், மலாக்காவின் ஒடுங்கிய மணற்கரைக்கு என்ன கிடைக்கும்? முட்டைக்குழிகளின் எண்ணிக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிலுக்கு மாநில அரசு, ஆமை முட்டையிடும் கரைகளை அரசிதழில் அறிவித்து, அங்கே எந்தக் கட்டுமானத்துக்கும் மீன்வளத் துறையின் இசைவைக் கட்டாயமாக்க வேண்டும்.