பால் காய்ச்சும் வீட்டுக்குப் போன பீப்பாய்

போன மாதம் வீடு மாறினோம். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடைக்கு மேலே இருந்த வாடகை வீட்டை விட்டு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு. சனிக்கிழமை லோரி. ஞாயிறு பால் காய்ச்சுவது. வரும் சொந்தங்களுக்குக் கொடுக்கலாமே என்று வியாழன் காலையே 15 லிட்டர் இஞ்சி பீர் போட்டு வைத்திருந்தேன்.

பெயர்தான் பீர். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட், அவ்வளவுதான். இத்தனை நாளும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துத்தான் பழக்கம். மூடிய பாட்டிலுக்குள்ளும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலில் அதற்கு வேகம் அதிகம். தீபாவளிக்கு முந்திய வாரம் ஒன்று வெடித்து, அடுப்படி முழுக்கச் சில்லு. அப்படிப்பட்ட பாட்டில்கள் இருபதை லோரியில் குலுக்கிக்கொண்டு போக எனக்குத் துணிச்சல் இல்லை.

அதனால் பழைய கெக் ஒன்றை வாங்கினேன். 19 லிட்டர் பிடிக்கும் எஃகு உருளை. ஒரு காலத்தில் பெப்சி, கோக் கம்பெனிகள் கடைகளுக்குச் சிராப் அனுப்பியவை இவை. உள்ளே பழைய சோடா வாசனை. ஐந்து ரப்பர் வளையங்களையும் மாற்றி, வெந்நீர் விட்டுக் கழுவி, வெள்ளிக்கிழமை இரவு அடியில் தங்கிய வண்டலைக் கிளப்பாமல் குழாய் வழியே மாற்றினேன். அழுத்தம் கூடினால் மூடியிலுள்ள வளையத்தை இழுத்துவிடலாம். ‘புஸ்’ஸென்று வெளியேறிவிடும். பாட்டிலில் அந்த வசதி ஏது?

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால் காய்ச்சுற வீட்டுக்குப் பீப்பாயையா தூக்கிட்டு வர்ற?”

அம்மா கெடா பெடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தாவின் சம்பளம் வீட்டுக்கு வருமுன் கள்ளுக்கடைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர். தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் இருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பின் அதே பெடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947இல் அது போலீசாருடன் மோதல் வரை போயிற்று. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவுக்கு அது தாத்தாவின் சட்டை வாடை.

“இதுல போதை இல்லம்மா” என்றேன்.

“அளந்து பாத்தியா?”

பார்க்கவில்லை. சர்க்கரையின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி மிதவையைத் தேடி எடுத்தேன். போட்ட அன்று 1.036, இப்போது 1.030. வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் 0.8 சதவீதம் சாராயம். இல்லை என்று சொல்லிவிட முடியாத அளவு. சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகளுக்குச் சிராப் தண்ணீர் மட்டும், பால் பொங்கி முடியும்வரை இது அடுப்படிக்குள் வரக்கூடாது என்று ஏற்பாடு.

மறுநாள் இருபது கிலோ உருளையைக் காரின் முன் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டேன். வழி நெடுகக் குலுங்கியது. குலுங்கினால் வாயு பானத்தில் சீக்கிரம் கரையும். குளிர்ந்தால் இன்னும் நன்றாகக் கரையும், ஈஸ்ட்டும் தூங்கிவிடும். போனதும் கூடத்தில் வைத்த குளிர்பெட்டிக்குள் தள்ளினேன்.

ஞாயிறு காலை பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அதன்பின் குழாயைத் திறந்தேன். முதல் மூன்று குவளையும் வெறும் நுரை. சித்தப்பா சிரித்தார். நான்காவது தெளிந்து வந்தது.

அம்மா குடிக்கவில்லை. மோந்து பார்த்தார்.

“இஞ்சி வாசந்தான் வருது” என்று சொல்லிவிட்டு, குவளையைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.