மேடைக்குப் பின்னால் நிற்பவர் பேச்சையும் கேளுங்கள்!

மாசி பிறந்தால் கொங்கு நாட்டில் நோம்பிக் காலம். வைகாசி முடியும் வரை ஓய்வில்லை. பூச்சாட்டு, கம்பம், பூவோடு, மாவிளக்கு என்று ஊருக்கு ஊர் கொண்டாட்டம்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது துடியலூர். 2011-ல் இந்த ஊர் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அடுக்கு மாடிகள் வந்துவிட்டன. ஆனாலும் மாரியம்மன் நோம்பி வந்தால் பழைய ஊர் திரும்பி வந்துவிடும். துடியலூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பகலெல்லாம் சாமி, இரவெல்லாம் வேடிக்கை. வள்ளி கும்மி உண்டு. ஒயிலாட்டம் உண்டு. பாட்டுக் கச்சேரி உண்டு. சில ஊர்களில் நாடகமும் உண்டு.

ஜனங்கள் பாய் கொண்டு வந்து விரித்து உட்காருகிறார்கள். குழந்தைகள் கையில் பொரிகடலை. மேடையில் விளக்கு எரிகிறது. பாடகர் வருகிறார். கை தட்டுகிறார்கள்.

அந்த மேடை எப்படி வந்தது? அந்த விளக்கு எப்படி எரிகிறது?

இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

யார் யார்?

ஒரே ஓர் இரவு நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு நாள் முன்னதாகவே பந்தல்காரர் வந்துவிடுகிறார். சித்திரை வெயிலில் குழி தோண்டுகிறார். கம்பம் நடுகிறார். கூரை போடுகிறார். அடுத்து வருகிறவர் மைக் செட்காரர். அவரோடு இரண்டு பையன்கள். ஒருவன் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறான். இன்னொருவன் தெரு நெடுகச் சீரியல் விளக்கு இழுக்கிறான். பிறகு ஜெனரேட்டர்காரர். கரண்டு போகும் வரை அவரை யாருக்கும் தெரியாது. கரண்டு போனால் அவரைத்தான் எல்லாரும் தேடுவார்கள்!

நாடகம் என்றால் திரை இழுக்க ஓர் ஆள். வேஷம் கட்ட ஓர் ஆள். சாமான் பெட்டி காக்க ஓர் ஆள்.

நிகழ்ச்சி முடிந்தால் நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறீர்கள். அவர்களுக்கு அப்போதுதான் அடுத்த வேலை. எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்ற வேண்டும். மறுநாள் வேறு ஊரில் நோம்பி!

திருவிழா நோட்டீசை எடுத்துப் பாருங்கள். நூறு ரூபாய் கொடுத்தவர் பெயர்கூட இருக்கும். பந்தல் போட்டவர் பெயர் இருக்காது.

கோவை மண்ணின் பெருமை

மற்ற ஊர்கள் மறந்தாலும் கோவை மறக்கலாமா? தென்னாட்டில் ஊர் ஊராகப் போய் வேடிக்கை காட்டும் தொழிலில் முதல் வரிசையில் நின்றவரே கோவைக்காரர்தான்.

அவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் பிறந்தவர். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். 1905-ல் திருச்சிக்குப் படம் காட்ட வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சலனப் படம் காட்டினார்.

அப்போது ஊர்களில் மின்சாரம் ஏது? பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததே 1930-களில்தான். கூடாரத்தைச் சுமக்க வேண்டும். கருவியைச் சுமக்க வேண்டும். வெளிச்சத்தையும் கூடவே கொண்டு போக வேண்டும்! 1914-ல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். 1942-ல் காலமானார். வெரைட்டி ஹால் ரோடு என்று இன்றும் அந்தத் தெருவுக்குப் பெயர்.

வின்சென்ட் பெயர் நிலைத்தது. நல்லதுதான். அவரோடு கூடாரம் அடித்தவர்கள், முளை அறைந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

நாடக மேடையிலும் இதே கதைதான். நவாப் ராஜமாணிக்கம் நாடகங்களிலும், பின்னால் ஆர்.எஸ்.மனோகர் நாடகங்களிலும் தந்திரக் காட்சிகளைக் காண்பதற்கென்றே கூட்டம் கூடியது. அந்தக் காட்சிகள் கயிறு இழுத்த கைகளாலும், விளக்கைத் திருப்பிய கைகளாலும் நடந்தவை அல்லவா?

பெயர் போடாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

மழைக்கு முன்னால் வரும் காற்று

துடியலூரிலிருந்து பார்த்தால் மேற்கே மலைத் தொடர் தெரியும். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் நிலம் கொதிக்கும். மாலையில் மலைப் பக்கம் மேகம் திரளும். மழை வருவதற்கு முன்பே குளிர்ந்த காற்று குபீரென்று பாயும். நிகழ்ச்சி தொடங்கும் நேரமும் அதுதான்!

காற்றின் கணக்கு பொல்லாத கணக்கு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது தள்ளும் பலம் நாலு மடங்கு ஆகிவிடும். மேடைக்குப் பின்னால் கட்டும் பெரிய பேனர் அப்போது பாய்மரம் போல வேலை செய்யும். கம்பத்தையே பிடுங்கிவிடும்.

2023 ஜூன் 1-ந் தேதி கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் நடந்தது நினைவிருக்கிறதா? சாலையோரம் பெரிய விளம்பரப் பலகைக்கான இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். அது திருவிழா மேடை அல்ல. ஆனால் அதே உயரம், அதே இரும்பு, பிழைப்புக்காக மேலே ஏறிய அதே ஏழை மனிதர்கள்!

மின்சாரமும் அப்படித்தான். 2022 ஏப்ரல் 27-ந் தேதி விடியுமுன்னே தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. பதினோரு உயிர்கள் போயின.

1995 டிசம்பர் 23-ந் தேதி வடக்கே அரியானா மாநிலத்தில் உள்ள தப்வாலியில் ஒரு பள்ளிக்கூட விழா. பந்தலில் தீப்பிடித்தது. துணி செயற்கை நூல் துணி. உருகி, எரிந்து தலையில் விழுந்தது. வெளியே ஓட வழி போதவில்லை. குழந்தைகளும் பெண்களுமாக நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இண்டியானா என்று ஒரு மாநிலம். அங்கே ஆண்டுதோறும் கோடையில் பெரிய பொருட்காட்சி நடக்கும். 2011 ஆகஸ்டு 13-ந் தேதி இரவு பாட்டுக் கச்சேரிக்குக் கூட்டம் காத்திருந்தது. புயல் மழை வருகிறது என்று தெரியும். கூட்டத்தைக் கலைப்பதா, வேண்டாமா என்று யோசனை நடந்தது. யோசனை முடிவதற்குள் காற்று வந்துவிட்டது. மேடைக் கூரை சாய்ந்தது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மேலே விளக்கு வேலை பார்த்த மேடைத் தொழிலாளி.

பிறகு விசாரணை நடந்தது. மேடைக் கூரையின் பலம் போதாது என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதே அங்கே தெளிவாக இல்லை!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் ஊர் நோம்பியில் அந்த அதிகாரம் யாருக்கு?

கமிட்டித் தலைவருக்கா? அவர் முன்வரிசையில் விருந்தாளிகளோடு இருக்கிறார். பாடகருக்கா? அவர் கண்ணில் விளக்கு வெளிச்சம். பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கம்பம் ஆடுவது யாருக்கு முதலில் தெரியும்? பந்தல்காரருக்கு. ஒயர் சூடாவது யாருக்கு முதலில் தெரியும்? மைக் செட்காரருக்கு. ஆனால் அவர் சொன்னால் யார் கேட்பார்கள்?

"ஏனுங்ணா, காத்துப் பலமா வருதுங்க. கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமுங்களா?"

"அட, நீ சும்மா இரப்பா! மந்திரி வர்ற நேரத்துல நிறுத்தறதா? உன் வேலையைப் பாரு."

பேச்சு இதோடு முடிந்துவிடும். கூலிக்கு வந்தவர் வாயை மூடிக்கொள்வார். அடுத்த வருஷமும் அவருக்கு வேலை வேண்டுமே!

கூட்டத்தில் உங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த மனிதரின் வாயை அடைத்தால், உங்கள் பிள்ளைக்கு வரும் எச்சரிக்கையை அடைத்ததாக அர்த்தம்.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: நோம்பிக்கு நாள் குறிக்கும்போதே ஓர் ஆளைக் குறியுங்கள். பந்தலும் மின்சாரமும் தெரிந்தவராக இருக்கட்டும். அவர் 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். மந்திரி பேசினாலும் நிறுத்த வேண்டும். இதைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் மைக்கிலும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு: கம்பியில் கொக்கி போட்டுக் கரண்டு எடுக்காதீர்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக் கேட்டு வாங்குங்கள். உயிர் காக்கும் சாதனம் என்று ஒரு சிறு பெட்டி கடையில் கிடைக்கிறது. மின்சாரம் ஒயரை விட்டு மனிதர் மேலோ மண்ணிலோ கசிந்தால், அது கண் இமைப்பதற்குள் கரண்டை நிறுத்திவிடும். அது இல்லாமல் ஒரு விளக்குகூட எரியக் கூடாது. மின்கம்பிக்குக் கீழே மேடை போடவே கூடாது.

மூன்று: உயரத்தில் ஏறுகிறவருக்கு இடுப்பு வார் வேண்டும். பதினைந்து வயதுப் பையனைக் கம்பத்தில் ஏற்றாதீர்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதற்காக அவன் உயிர் மலிவாகிவிடாது. பந்தலுக்கு வழிகள் பல வேண்டும். அவற்றை நாற்காலி போட்டு அடைக்கக் கூடாது.

நாலு: கூலியை இழுத்தடிக்காதீர்கள். "மீதி அப்புறம் பார்க்கலாம்" என்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பாடகர் முன்பணம் வாங்காமல் வருவதில்லை. பந்தல்காரர் மட்டும் ஏன் பின்னால் அலைய வேண்டும்? சாமானை வண்டியில் ஏற்றும்போதே முழுக் கூலியும் கையில் இருக்க வேண்டும்.

ஐந்து: மேடையில் ஆடும் நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் நல வாரியங்கள் உண்டு. ஆனால் மேடைக்குப் பின்னால் உழைக்கிறவர்களில் பலர் பெயரைப் பதிவு செய்துகொள்வதே இல்லை. படித்த பிள்ளைகள் ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். நோம்பிக்குச் செய்யும் தொண்டு அதுவும்தான்.

பணத்துக்கு எங்கே போவது?

"ஊர்ப் பணத்தில் நடக்கும் நோம்பி. இத்தனைக்கும் பணம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வீடு வரி வாங்கித்தான் கமிட்டிக்காரர்கள் நடத்துகிறார்கள். அவர்கள் கஷ்டமும் பெரிது.

ஆனால் முதல் யோசனைக்குப் பணமே வேண்டாம். 'நிறுத்து' என்ற சொல்லுக்கு மரியாதை கொடுக்க என்ன செலவு? மற்றவற்றுக்கும் வழி இருக்கிறது. பத்துப் பேனர் வைக்கும் இடத்தில் ஐந்து வையுங்கள். அந்தப் பணத்தில் வாரும் வரும், சாதனமும் வரும். பேனர் குறைந்தால் காற்றுப் பிடிப்பதும் குறையும்!

"இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே?" என்றும் சொல்வார்கள். களிமேட்டிலும் அதற்கு முன்பு பல வருஷம் தேர் ஓடியது. தப்வாலியிலும் முன்பு விழாக்கள் நடந்தன. ஆகாத வரைக்கும் எல்லா ஊரிலும் ஒன்றும் ஆகவில்லைதான்.

விருந்திட்ட ஊர்

துடியலூர் பக்கம் வடமதுரையில் விருந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. பசித்து வந்த சுந்தரருக்கு இறைவனே விருந்து வைத்தார் என்பது அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லும் கதை. சாமியே பரிமாறியதாகச் சொல்லும் ஊர்ப்பக்கம் இது!

இங்கே நோம்பி நடக்கும்போது பாடகருக்கு இலை போட்டுப் பந்தி நடக்கிறது. மைக் செட் பையனுக்கு நடு ராத்திரியில் ஆறிய பொட்டலம் போகிறது. சில நாள் அதுவும் போவதில்லை. இது அந்தக் கதைக்கு அழகாக இருக்கிறதா?

அவனையும் பந்தியில் உட்கார வையுங்கள். "சாப்பிட்டியா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நோட்டீசில் பந்தல், ஒலி, ஒளி என்று மூன்று வரி சேர்த்து அவர்கள் பெயரையும் அச்சடியுங்கள்.

வருகிற நோம்பிக்குக் கமிட்டி கூடும்போது இந்தப் பேச்சைத் தாய்மார்களே எடுக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்து பாய் விரிக்கிறவர்கள் அவர்கள்தானே? "காற்று வந்தால் யார் நிறுத்துவார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் வரை வரிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்!