மாற்றியமைத்த மோட்டார் சைக்கிளும் மாறாத புத்தகமும்

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தை ஒட்டி, வாகனங்களில் இருந்த மேலதிகப் பொருத்துகளைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினர். தனியார் பேருந்துக்காரரும் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் எதிர்த்தனர். வண்ண விளக்கு, ஹோன், அலங்காரம் என்பதாகவே விவாதம் நடந்தது. யுத்தத்தில் காலை இழந்த ஒருவர் தன் உடலுக்கு ஏற்ப மாற்றி ஓட்டும் மோட்டார் சைக்கிளின் நிலை என்ன என்ற கேள்வி அதற்குள் அமுங்கிப் போனது.

எங்கள் பகுதிகளில் வாகனத்தை மாற்றியமைப்பது இளைஞரின் பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சி ஸ்ரார்ட் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2009இற்குப் பின் வேறொரு தேவை வந்தது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். ஒரு கால் இல்லையென்றால் இரண்டிலொன்று கைக்கு வரவேண்டும். கிளச் பிடி இல்லாத ஹொண்டா சி 90 போன்றவற்றில் இடது கைப்பிடி காலியாக இருப்பதால், பின் பிரேக்கை அங்கே கொண்டுவருவது ஓரளவு இலகு. சமநிலை பேண முடியாதவர்கள் கியரில்லா ஸ்கூட்டரின் இருபுறமும் மேலதிகச் சில்லுகளைப் பொருத்துகிறார்கள். இதைச் செய்து கொடுப்பது பெரும்பாலும் ஊர்க் கராஜும் ஒட்டுவேலைக்காரரும்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஒவ்வொரு வருடமும் வேண்டியவை காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இவற்றைக் காட்டி எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம். பேருந்து, லொறிக்குப் போலத் தகுதிச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. புகைப் பரிசோதனை இயந்திரத்துக்குத் தெரிவது சைலன்சரிலிருந்து வரும் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் மட்டுமே. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து, காபரேற்றரைச் சரிபார்த்து, இயந்திரம் சூடான நிலையில் கொண்டுபோனால் பழைய வண்டியும் தேறிவிடும். பிரேக் எந்தப் பக்கம் இருக்கிறது, ஒட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அது பார்ப்பதில்லை.

ஆகவே எல்லாப் பத்திரமும் கையில் இருந்தும் வீதியில் மறிக்கப்படலாம். அதைவிட மோசம், விபத்தின் பின் "புத்தகத்தில் உள்ள வாகனம் இதுவல்ல" என்று காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். மறுபுறம், அரச பரிசோதகர் எவரும் பார்த்திராத ஓர் ஒட்டை நம்பி ஒருவர் தினமும் ஏ9 வீதியில் போய்வருகிறார். எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

கழற்றிவிடக்கூடியவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சத்தமிடும் சைலன்சரையும் கண்கூசும் விளக்கையும் மாற்றி, பழையதைப் பொருத்திக் கொள்ளுங்கள். அதில் பொலிஸாரோடு வாதாட நியாயமில்லை. இயந்திரம், நிறம், சட்டகம், சில்லுகளின் எண்ணிக்கை ஆகியவை வேறு. இவற்றை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவில் ஏற்ற வேண்டும். சட்டகத்தை வெட்டுவதற்கு முன்பே மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் கேட்பது நல்லது. கராஜ் பற்றுச்சீட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், வைத்தியச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் அந்த வகை வாகனத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஆனால் பதிவை மாற்றப் பதிவுசெய்த உரிமையாளர் வேண்டும். கைமாறிக் கைமாறி 'ஓபின் பேப்பரில்' ஓடும் வண்டிகள் எத்தனை! புத்தகத்தில் உள்ள பெயர் 2009இல் காணாமலாக்கப்பட்ட மகனுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கும் வீடுகளும் உண்டு. 2016இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 'காணாமைச் சான்றிதழ்' அவரது சொத்துகளைத் தற்காலிகமாகக் கையாள வழி தருகிறது. மரணச் சான்றிதழ் பெற மறுத்துப் போராடும் தாயொருவரை, மோட்டார் சைக்கிள் புத்தகத்துக்காக எந்தக் கடதாசியிலும் கையெழுத்திடச் சொல்வது இலகுவான காரியமல்ல.

வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் கையில். பதிவு கொழும்பின் கையில். ஆகவே கோரிக்கையும் கொழும்புக்கே போகவேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தமிழில் பணியாற்றும் பரிசோதகர்களுடன் நடமாடும் சேவை நடத்தி, மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களைக் கட்டணமின்றிப் பார்த்து, பாதுகாப்பானவற்றைப் பதிவில் ஏற்றி, பாதுகாப்பற்றவற்றில் எதைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் போக்குவரத்து அமைச்சரிடம் இதைக் கேட்பதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.